விருந்தாளிக்குப் பங்கு கிடையாது

ஓரிக்கையின் நெசவாளர் தெருக்களில் 'சங்கம்' என்று சொன்னால் யாரும் மதுரையை நினைப்பதில்லை. அது பட்டு கூட்டுறவு சங்கம். பட்டும் சரிகையும் எடைபோட்டுக் கொடுக்கிற இடம். நெய்து முடித்த புடவையை மடித்து எடுத்துப்போனால், மேசையில் விரித்துப் பார்த்து, குறை இருந்தால் குறித்து, கூலியை எழுதுகிற இடம். தீபாவளிக்கு போனஸ் வருமா என்று ஐப்பசி பிறந்ததும் தெருவே பேசிக்கொள்வது அந்தச் சங்கத்தைப் பற்றித்தான். அப்பா அதில் உறுப்பினர். உறுப்பினர் என்றால் பங்குத்தொகை கட்டியவர், தேர்தலில் ஓட்டுப் போடுகிறவர், நிர்வாகத்தைத் திட்டுகிற உரிமை உள்ளவர். மூன்றாவது உரிமையைத்தான் அப்பா விடாமல் பயன்படுத்தினார்.

இந்த அர்த்தத்தைச் சுமந்துகொண்டு 2007-ல் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். அங்கே வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஒரு சமூக, பண்பாட்டு மன்றம் இருந்தது. மொத்தம் 14 பேர். நேபாளத்திலிருந்து 5, பூட்டானிலிருந்து 3, இலங்கையிலிருந்து 2, தான்சானியாவிலிருந்து 2, சூடானிலிருந்து ஒருவன், எத்தியோப்பியாவிலிருந்து ஒருவன். 'உள்ளூர் ஒருங்கிணைப்பாளர்' என்று சில தமிழ்ப் பையன்களையும் சேர்த்துக்கொண்டார்கள். வீடு பக்கத்தில் இருந்ததும், தப்போ சரியோ நிறுத்தாமல் ஆங்கிலம் பேசுவதும் என்னுடைய தகுதிகள்.

முதல் கூட்டத்தில் பொறுப்பாசிரியரிடம் கேட்டேன்: "சார், இதுல உறுப்பினருக்குப் பங்குத்தொகை எவ்வளவு?" அவர் சிரித்துவிட்டார். "பங்கா? அவங்கள்லாம் நம்ம கெஸ்ட்டுப்பா."

பெருந்தன்மையாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்தப் பதில் மனசில் எங்கேயோ உட்கார்ந்துகொண்டது. விருந்தாளிக்கு இலை உண்டு, மரியாதை உண்டு, முதல் வரிசை நாற்காலி உண்டு. பங்கு கிடையாது. கணக்குக் கேட்க முடியாது, சாப்பாடு சரியில்லை என்று சொல்ல முடியாது. முக்கியமாக, எப்போது கிளம்புவது என்பது அவன் கையில் இல்லை.

மன்றம் வருஷத்துக்கு நாலு காரியம் செய்தது. வரவேற்பு நாள், உணவுத் திருவிழா, கோயில் சுற்றுலா, ஆண்டு விழாவில் 'உலகப் பண்பாட்டு மாலை'. அந்த மாலையில் 14 பேரும் அவரவர் நாட்டு உடையில் மேடையேறி, ஆளுக்கு மூன்று நிமிஷம் ஏதாவது செய்ய வேண்டும். தான்சானியாப் பையன்களில் ஒருவனுக்கு ஆடவே வராது. கணக்கில் புலி, கூச்சம் அதிகம். "உங்க ஊர்ல எல்லாரும் நல்லா ஆடுவாங்களே" என்று சொல்லிச் சொல்லியே மேடையேற்றினார்கள். எங்கள் வகுப்பில் இருந்த 60 தமிழர்களில் பரதநாட்டியம் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. எங்களை யாரும் அதற்காக மேடைக்குத் தள்ளவில்லை. பெரும்பான்மையாக இருப்பதில் உள்ள பெரிய சௌகரியம், தன் பண்பாட்டை நிரூபிக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான்.

எத்தியோப்பியாக்காரன் வெள்ளைப் பருத்தி உடுத்தி, ஓரத்தில் வண்ணக் கரை போட்ட மெல்லிய துண்டைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தான். போட்டோ எடுத்தார்கள். அடுத்த வருஷக் கல்லூரிக் கையேட்டில் அந்தப் படம் வந்தது. கீழே 'எத்தியோப்பிய தேசிய உடை' என்று எழுதியிருந்தது. அந்தத் துணியைப் பற்றி இன்னொரு விஷயம் இருந்தது. அது எங்களுக்குத் தெரியவர இன்னும் இரண்டு வருஷம் ஆனது.

*

வேலைக்குப் போன பிறகு, இந்த மாதிரி மன்றங்கள் எங்கே எப்படி ஆரம்பித்தன என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1903-லும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1904-லும் பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து மன்றங்கள் அமைத்திருக்கிறார்கள். நியூயார்க் கதைதான் பிரபலம். 1909-ல் ஒரு காலைப்பொழுது. கொலம்பியா பல்கலைக்கழக நூலகப் படிக்கட்டில் ஹாரி எட்மண்ட்ஸ் என்ற ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் எதிரே வந்த சீன மாணவரைப் பார்த்து ஒரு காலை வணக்கம் சொல்லிவிட்டு நடந்தார். அந்த மாணவர் அவரை நிறுத்தி நன்றி சொன்னார். நியூயார்க்குக்கு வந்து மூன்று வாரமாகிறதாம். வலிய வந்து பேசிய முதல் ஆள் எட்மண்ட்ஸ்தானாம்.

எட்மண்ட்ஸ் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். இருவரும் வெளிநாட்டு மாணவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். கூட்டம் பெருகி ஒரு மன்றமானது. ராக்ஃபெல்லர் பணம் கொடுத்தார். 1924-ல் 'இன்டர்நேஷனல் ஹவுஸ்' என்ற பெரிய விடுதி நியூயார்க்கில் எழுந்தது.

இந்தக் கதையில் பலருக்கும் பிடித்தது அந்தக் காலை வணக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின்னால் வந்த கட்டடம். பேச்சுத்துணைக்கு ஒரு வணக்கம் போதும். படுக்க இடம் வேண்டுமென்றால் சண்டை போட்டாக வேண்டும். எட்மண்ட்ஸ் அடுத்து கலிபோர்னியாவின் பெர்க்லிக்குப் போனபோது அது தெரிந்தது. மாணவர் குழுக்களின் வீடுகள் வரிசையாக நின்ற பீட்மாண்ட் அவென்யூவை அவர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார். வெளிநாட்டவரையும் வெள்ளையர் அல்லாதவரையும் அந்த வீடுகள் அப்போது சேர்த்துக்கொள்வதில்லை. எல்லா நிறத்தவரும் ஒரே கூரையின்கீழ் வசிப்பதை எதிர்த்து 800 பேருக்கு மேல் கூடிக் கண்டனக் கூட்டம் போட்டார்கள். அதையும் மீறி 1930-ல் அந்த விடுதி திறந்தது. எதிர்த்தவர்களில் பலர் உணவுத் திருவிழாவுக்குக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரனாக வருகிறவனைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

நம்மவர்கள் வெளியே போய்ப் படித்த கதையும் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் 1891-லும் ஆக்ஸ்ஃபோர்டில் 1896-லும் இந்திய மாணவர்கள் 'மஜ்லிஸ்' என்ற பெயரில் மன்றம் வைத்தார்கள். 1905-ல் லண்டனின் ஹைகேட் பகுதியில் ஷ்யாம்ஜி கிருஷ்ணவர்மா 'இந்தியா ஹவுஸ்' என்ற விடுதியைத் திறந்தார். வாடகைக்கு இடம் கிடைக்காமல் அலைந்த இந்திய மாணவர்களுக்குத் தங்குமிடம், நூலகம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சட்டம் படிக்கப் போன திருச்சிக்காரர் வ.வே.சு. ஐயரும் மருத்துவம் படிக்கப் போன ஸ்ரீரங்கத்துக்காரர் டி.எஸ்.எஸ். ராஜனும் அந்த வட்டத்துக்குள் போனார்கள். தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம் என்று நாம் சொல்கிற 'குளத்தங்கரை அரசமர'த்தை எழுதியவரும், 1937-ல் ராஜாஜி மந்திரிசபையில் அமைச்சரானவரும் ஒரு காலத்தில் வெளிநாட்டு மாணவர் மன்றத்துப் பையன்கள்தான்.

ராஜன் பின்னாளில் நினைவுகூர்ந்த ஒரு சம்பவம் உண்டு. 1909-ல் லண்டன் இந்திய மாணவர்கள் ஒரு விருந்து ஏற்பாடு செய்தார்கள். தலைமை தாங்க, அப்போது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தியைக் கூப்பிட்டிருந்தார்கள். சைவச் சாப்பாடு. சமையல் மாணவர்களே. மத்தியானம் ஒல்லியான, சின்ன உருவமுள்ள ஒருவர் வந்து சமையற்கட்டில் சேர்ந்துகொண்டார். காய் நறுக்கினார், பாத்திரம் கழுவினார். யாரோ உதவிக்கு வந்தவர் என்று ராஜன் உட்பட எல்லாரும் வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வ.வே.சு. ஐயர் உள்ளே வந்து பார்த்த பிறகுதான், தலைமை விருந்தினரையே பாத்திரம் கழுவ வைத்துவிட்டோம் என்று தெரிந்தது.

காந்தியின் எளிமைக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. காந்தியும் ஒரு காலத்தில் அதே லண்டனில் சட்டம் படித்த அயலூர் மாணவர். ஒரு கூட்டத்துக்குள் போவதற்கு மேடை வழி, அடுக்களை வழி என்று இரண்டு உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மேடை வழியாகப் போனால் மரியாதை கிடைக்கும். அடுக்களை வழியாகப் போனால் "ஏம்ப்பா, அந்தத் தட்ட இந்தப் பக்கம் தள்ளு" என்று உரிமையாக யாராவது சொல்வார்கள்.

*

காஞ்சிபுரத்துக்கு அயலூர் மாணவர்கள் புதியவர்கள் இல்லை. இங்கே கடிகை என்ற உயர்கல்விக் கூடம் இருந்தது. கர்நாடகத்தில் ஷிமோகா பக்கம் தாளகுண்டாவில் ஒரு தூண் கல்வெட்டு நிற்கிறது. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மயூரசர்மன் என்ற பிராமண இளைஞன் தன் குரு வீரசர்மனோடு காஞ்சிக் கடிகைக்குப் படிக்க வந்ததை அது சொல்கிறது. வந்த இடத்தில் ஒரு பல்லவக் குதிரைவீரனோடு தகராறு. அவமானப்பட்ட இளைஞன் ஏட்டை வைத்துவிட்டு வாளை எடுத்தான். பல்லவர்களை எதிர்த்துச் சண்டையிட்டு, கதம்பர் என்ற அரச குலத்தையே தோற்றுவித்தான்.

எங்கள் ஊர் வரலாற்றில் ஒரு வெளியூர் மாணவனைப் பற்றிய ஆகப் பழைய செய்தி, அவன் உள்ளூர் அதிகாரத்தால் அவமதிக்கப்பட்டதைப் பற்றியது. கடிகைக்குள் அவனுக்குப் பாடம் நன்றாகவே நடந்திருக்கும். பிரச்சினை வாசலுக்கு வெளியே, தெருவில்தான் வந்தது. இன்றைக்கும் அப்படித்தான். 2019-20ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி, 168 நாடுகளிலிருந்து 49,348 மாணவர்கள் இந்தியாவில் படித்தார்கள். நாலில் ஒருவருக்கு மேல் நேபாளம். வகுப்பறையில் இவர்களுக்குப் பெரிய சிக்கல் வருவதில்லை. வாடகை வீடு, மளிகைக்கடை, பஸ்ஸில் பக்கத்து சீட், லீவு நாள் சாப்பாடு: இந்த நாலில்தான் படிப்பே தங்கியிருக்கிறது.

எங்கள் கல்லூரியில் முதலில் வந்தது லீவு நாள் சாப்பாடு. முதலாண்டு பொங்கலுக்கு 5 நாள் விடுதி மெஸ் மூடப்படும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். தமிழ்ப் பையன்கள் பை கட்டிவிட்டார்கள். அஞ்சு நாளுக்காக காத்மாண்டுவுக்கோ தார் எஸ் சலாமுக்கோ யார் போவது? நெடுஞ்சாலையோர ஓட்டல்களும் பொங்கலுக்கு அடைப்பு. இது மன்றத்தின் வேலை என்று மன்றத்தில் யாருக்கும் தோன்றவில்லை. பண்பாட்டு மாலை முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

நேபாளிகளில் மூத்தவன்தான் ஆரம்பித்தான். விடுதிக் காப்பாளரிடம் போய், பின்கட்டிலிருந்த பழைய பாத்திரங்களையும் ஒரு கேஸ் அடுப்பையும் கேட்டு வாங்கினான். ஆளுக்கு 150 ரூபாய். ஒரு நாற்பது பக்க நோட்டு. நான் ஓரிக்கையிலிருந்து பஸ் பிடித்து, அம்மா கட்டிக்கொடுத்த அரிசி, பருப்பு, ஒரு தூக்கு ராகி மாவோடு போய் இறங்கினேன். "பண்டிகையும் அதுவுமா புள்ளைங்க பட்டினியா கெடக்கும்னா சொல்ற? சாமி கண்ணக் குத்தாது?" என்று அம்மா அதிகாலையிலேயே என்னைத் துரத்தியிருந்தாள்.

அந்த அஞ்சு நாளில் தெரிந்துகொண்டது, இரண்டு வருஷ உணவுத் திருவிழாவில் தெரியாதது. ராகிக் களியைப் பார்த்ததும் தான்சானியாக்காரர்கள் இரண்டு பேரும் 'உகாலி' என்று கத்தினார்கள். அவர்கள் ஊரில் மக்காச்சோள மாவில் கிண்டுவதாம். கையில் உருட்டி, நடுவில் குழி செய்து குழம்பைத் தொட்டுக்கொள்ளும் லாவகம் என் தாத்தாவுடையது. புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் எத்தியோப்பியாக்காரன் ஏன் மெஸ்ஸில் கோழியைத் தொடுவதில்லை என்ற மர்மமும் விலகியது. அவர்கள் திருச்சபையில் அந்த இரண்டு நாளும் நோன்பு. கறி, முட்டை, பால், தயிர், நெய் எதுவும் கூடாது. விடுதி மெஸ்ஸில் கோழி போடுவதே புதன்கிழமைதான். ஆறு மாசமாக அந்த இரண்டு நாளும் வெறும் ரசம் சோற்றில் காலம் தள்ளியிருக்கிறான். யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. விருந்தாளி வாயைத் திறந்து கேட்க முடியுமா?

பொங்கல் முடிந்ததும் நோட்டில் கணக்குப் பார்த்தோம். 84 ரூபாய் மிச்சம். 14 பேருக்கும் ஆளுக்கு 6 ரூபாய் திருப்பிக் கொடுத்தான் மூத்தவன். எனக்கு உடனே அப்பாவின் சங்கம் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு நீள விடுமுறை எல்லாவற்றுக்கும் அந்த நோட்டு வெளியே வந்தது. மன்றம் தன் பாட்டுக்கு மேடை போட்டது. சங்கம் பின்கட்டில் நடந்தது.

*

மூன்றாம் ஆண்டில் எத்தியோப்பியாக்காரனும் இரண்டு தமிழ்ப் பையன்களும் சேர்ந்து வெளியே அறை எடுத்தார்கள். ஒருவன் தென்காசி, ஒருவன் ஆரணி. வெளிநாட்டவரைத் தங்கவைக்கிற வீட்டுக்காரர் அப்போது 24 மணி நேரத்துக்குள் 'சி' படிவம் நிரப்பிக் காவல்துறையிடம் தர வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் எழுதித் தந்தார். ஒரு வாரம் கழித்து ஒரு போலீஸ்காரர் வழக்கமான விசாரிப்புக்கு வந்து போனார். மறுநாளே தெரு பேச ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா சொன்னதும் கடைக்காரர் சொன்னதும் சேர்ந்து, மாசக் கடைசியில் வீட்டுக்காரர் படியேறி வந்தார். "தம்பிங்களா, நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு நாள் வேணும்னாலும் இருங்க. அந்தப் பையன மட்டும் வேற எடம் பாத்துக்கச் சொல்லுங்க."

தென்காசிக்காரன் எதுவும் வாதாடவில்லை. உள்ளே போனான். விரித்திருந்த பாயைச் சுருட்டினான். ஆரணிக்காரன் வாளிக்குள் துணியைத் திணித்தான். பிறகுதான் எத்தியோப்பியாக்காரனுக்கு விஷயம் மொழிபெயர்க்கப்பட்டது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெயரின் கதையைச் சொல்லியாக வேண்டும். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு மனப்பாடமான கதை. திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன். பல்லவ அரசன் தன்னைப் பாடச் சொல்ல, அவர் மறுத்தார். ஊரைவிட்டுப் போ என்றான் அரசன். சீடன் போனால் தானும் போவதாக ஆழ்வார் கிளம்பினார். போகிற வழியில் திருவெஃகாவில் பள்ளிகொண்டிருந்த பெருமாளிடம், நாங்கள் போகிறோம், நீ மட்டும் இங்கே என்ன படுத்திருக்கிறாய், உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா என்றார். பெருமாள் சுருட்டிக்கொண்டார். மூவரும் பாலாற்றுப் பக்கம் வந்து ஓரிரவு தங்கினார்கள். அந்த 'ஓரிருக்கை'தான் ஓரிக்கை. ஊர் இருண்டுபோய், அரசன் ஓடிவந்து கெஞ்சிய பிறகு திரும்பினார்கள்.

சின்ன வயதில் இதைக் கடவுளின் மகிமையாகக் கேட்டிருக்கிறேன். இப்போது எனக்கு இது ஒரு சங்கத்தின் விதிமுறை மாதிரிக் கேட்கிறது. அரசன் போகச் சொன்னது ஒருவரை. மற்ற இருவருக்கும் இருக்க உரிமை இருந்தது. அதிலும் ஒருவருக்கு அந்த ஊரே சொந்தம். உள்ளூர்க்காரன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம், தானும் பாயைச் சுருட்டுவதுதான்.

அன்றைக்கு ராத்திரி மூன்று பேரும் இரண்டு வாளி, மூன்று பாய், ஒரு கம்ப்யூட்டர் பெட்டியோடு கடைசி பஸ்ஸில் ஓரிக்கையில் வந்து இறங்கினார்கள். கதையில் ஓர் இரவு. எங்கள் வீட்டில் 11 நாள்.

அம்மா பாத்திரத்தை மாற்றினாள், அவ்வளவுதான். "எத்தன பேருடா? சரி, ஒல கொதிக்கட்டும்." அப்பாவுக்குத்தான் வேலை கூடியது. மறுநாள் காலையில் தறியை விட்டு எழுந்து, சட்டை மாட்டி, என்னோடு காஞ்சிபுரம் எஸ்.பி. ஆபீஸுக்கு வந்தார். அவர் பெயரில் 'சி' படிவம். தங்கவைப்பவரின் தொழில் என்ற இடத்தில் நிறுத்தி நிதானமாக 'நெசவு' என்று எழுதினார். சங்கத்து நோட்டுக்கு வெளியே அப்பா கையெழுத்துப் போட்டு நான் பார்த்த காகிதம் அது ஒன்றுதான்.

இரண்டாம் நாள் மத்தியானம் எத்தியோப்பியாக்காரன் தறிக்கூடத்து வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எங்களுடையது குழித்தறி, தரையில் குழிவெட்டி, காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிப்பது. "எங்க அப்பா தறியும் இதேதான்" என்றான். அவன் அப்பா அடிஸ் அபாபாவில் ஷிரோ மேடா பக்கம் நெசவாளர். மலைநாட்டு தோர்ஸே மக்கள். பட்டு இல்லை, பருத்தி. அந்த வெள்ளைத் துணியின் ஓரத்தில் வரும் வண்ணக் கரைக்கு 'திபெப்' என்று பெயர். மூன்று வருஷமாக மன்றத்து மேடையில் அவன் போர்த்தி நின்றது அவன் அப்பா நெய்தது.

"ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன்.

"யாரும் கேக்கலையே. தேசிய உடைன்னு சொன்னாங்க. எங்க ஊர்ல நெசவுக்காரன்னா கொஞ்சம் எளக்காரம். எதுக்குச் சொல்லணும்?"

எளக்காரம் என்ற வார்த்தையை அவனுக்கு ஆரணிக்காரன் கற்றுக்கொடுத்திருந்தான்.

எங்கள் ஊர்ப் பட்டும் இப்படித்தான் மேடையேறுகிறது. 'காஞ்சிப் பட்டு, தமிழ்ப் பண்பாடு' என்பார்கள். பட்டு நூல் வருவது கர்நாடகத்திலிருந்து, சரிகை சூரத்திலிருந்து. நெய்கிறவர்களில் வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் எத்தனையோ. இதையெல்லாம் கழித்துவிட்டால் 'பண்பாடு' என்று மிஞ்சுவது கல்யாண போட்டோவில் ஒரு பளபளப்பு மட்டும்தான்.

அப்பா அப்போது கோர்வைப் புடவை போட்டுக்கொண்டிருந்தார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று நாடா. ஒவ்வொரு ஊடைக்கும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். தனியாளால் ஆகாது. பக்கத்தில் இன்னொரு கை உட்கார்ந்து நாடாவை வாங்கித் திருப்பித் தர வேண்டும். சின்ன வயதில் அந்தக் கை என்னுடையது. பிறகு கூலிக்கு ஒரு பையன் வந்தான். அவன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அப்பா ஆள் தேடிக்கொண்டிருந்த சமயம்.

"உக்காரு தம்பி" என்றார் அப்பா, தமிழில்தான். அவன் உட்கார்ந்தான். முதல் நாள் பழைய பாவில் பழகினான். பட்டு அவன் விரலுக்குப் புதுசு, வழுக்கியது. ஆனால் நாடா வரும் நேரம் அவன் கைக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் நாளிலிருந்து அப்பா அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். பேச்சு நின்றால் வேலை ஓடுகிறது என்று அர்த்தம். சாயங்காலங்களில் வகுப்பு முடித்து நான் திரும்பும்போது தெருமுனையிலேயே சத்தம் கேட்கும். ஆற்றங்கரையில் மணிமண்டப வேலைக்குக் கல் கொத்தும் சத்தம் ஒரு பக்கம், எங்கள் வீட்டுத் தறி ஒரு பக்கம். அப்பாவின் தறிச் சத்தத்தில் தனியாள் தயக்கம் போயிருந்தது.

11ஆம் நாள் கல்லூரிக்குப் பக்கத்தில் இன்னொரு அறை கிடைத்தது. மூன்று பேருக்கும் சேர்த்து. கிளம்புகிற அன்று காலையில் அப்பா அவனைக் கூப்பிட்டு 540 ரூபாய் கொடுத்தார். வேலை செய்தது 9 நாள், நாளுக்கு 60. அந்தப் பையனுக்குக் கொடுத்துவந்த அதே கூலி.

அம்மா பதறிவிட்டாள். "என்னங்க இது? வீட்டுக்கு வந்த புள்ளைக்குக் கூலியா குடுப்பாங்க? வேட்டி துண்டு வெச்சுக் குடுங்க."

"வேட்டியும் குடு. இது வேற. உக்காந்து வேல பாத்தான்ல."

அவன் மறுக்கவில்லை. நான் எதிர்பார்த்ததுபோலக் கூச்சப்படவும் இல்லை. நின்ற இடத்திலேயே நோட்டுகளை எண்ணிப் பார்த்தான். தன் கூலியை எண்ணிப் பார்க்கிற எந்த நெசவுக்காரனும் பார்ப்பதைப்போல, ஒருமுறைக்கு இருமுறை. எண்ணி முடித்ததும் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினான். கணக்குச் சரி என்பதுபோல அப்பாவும் ஆட்டினார்.

அந்தப் புடவை அடுத்த வாரம் சங்கத்துக்குப் போனது. மேசையில் விரித்து, கோர்வை ஓடும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்களாம். குறை என்று எதுவும் எழுதவில்லை. அதே மாதம் தீபாவளி விடுமுறையில் பின்கட்டு அடுப்பு மறுபடி எரிந்தபோது நாற்பது பக்க நோட்டை நான் புரட்டினேன். வரவுப் பக்கத்தில் அவன் பெயருக்கு நேரே, ஆங்கில எழுத்தில், அவன் காதுக்குக் கேட்டபடி ஒரு தமிழ் வார்த்தை இருந்தது: கோர்வைக் கூலி, 200. மற்றவர்கள் எல்லாரும் ஆளுக்கு 150 போட்டிருந்தார்கள்.